வாசலுக்கு ஒரு மரத்தளம்: ஏற்ற ரம்பம் எது?

பால்வெட்டுக் கத்தி மழுங்கினால் என்ன நேரும் என்பதைத் தோட்டத்தில் உழைப்போருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பட்டை காயப்படும், பால் குறையும், கை சோர்ந்துவிடும். கருவி பழுதாயின் வேலையும் பழுதாகும் என்னும் இப்பாடம் தச்சு வேலைக்கும் பொருந்தும்.

தோட்டம் ஒன்றில் நான் கண்ட நிகழ்ச்சியைக் கூறுகிறேன். பால்வெட்டும் அன்பர் ஒருவர், மாலையில் குடும்பத்தோடு காற்று வாங்கி அமர, வாசலுக்கு வெளியே பலகைத் தளம் ஒன்று அமைக்க விரும்பினார். விறகு அறுக்கும் வில் ரம்பமே வீட்டில் இருந்தது, அதனையே எடுத்தார். கடினமான பாலாவ் பலகையில் ரம்பம் சிக்கிக்கொண்டது. வலிந்து தள்ளினார். ரம்பம் துள்ளி, இடக்கைப் பெருவிரலின் அடியைக் கிழித்தது. ஆறு வாரம் அவரால் வெட்டுக்குச் செல்ல இயலவில்லை. ரம்பம் வாங்கும் செலவை மிச்சப்படுத்த எண்ணியவர் ஊதியத்தை இழந்தார்.

அவ்வாறாயின் எந்த ரம்பத்தை வாங்குவது? கடைக்குப் போகுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. எத்தனை வெட்டு, எத்திசையில் வெட்டு என்று கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

8 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள தளத்தை எடுத்துக்கொள்வோம். மேலே பரப்ப 4 அங்குல அகலப் பலகைகள் 17 தேவை. மழைநீர் வடிய, பலகைக்குப் பலகை கால் அங்குலம் இடைவெளி விட்டால் அகலம் சரியாக 72 அங்குலமாகும். பலகைகளைத் தாங்க, 16 அங்குலத்திற்கு ஒன்றாக 6 அடிக் குறுக்குச் சட்டங்கள் 7 வேண்டும். அவற்றின் கீழே 8 அடி உத்தரங்கள் 2. நிறுத்தும் கால்கள் 6. ஆக மொத்தம் 32 துண்டுகள். இவை அனைத்தையும் நீளத்திற்கு ஏற்பக் குறுக்கே அறுக்க வேண்டும். நெடுக்கே அறுக்க வேண்டியது ஒரு பலகைகூட இல்லை. அகலத்தையும் கனத்தையும் மரக்கடையிலேயே அறுத்துத் தந்துவிடுவார்கள்.

இக்கணக்கு ஏன் முக்கியம்? நெடுக்கறுப்பு ரம்பத்தின் பற்கள் சிற்றுளிபோல் தட்டையான முனை கொண்டவை. மர இழையின் போக்கிலேயே சீவிச் செல்லும். அங்குலத்திற்கு 5 பற்கள் அளவில் இருக்கும். குறுக்கறுப்பு ரம்பத்தின் பற்கள் கத்திமுனைபோல் சரிவாகத் தீட்டப்பட்டவை; இழையைக் குறுக்கே நறுக்கும். அங்குலத்திற்கு 8 முதல் 10 பற்கள் இருக்கும். முன்னதைக் கொண்டு குறுக்கே அறுத்தால் பலகையின் விளிம்பு பிய்ந்து சிம்பாகிவிடும். ஆகவே நம் தளத்திற்கு ஏற்றது 26 அங்குல நீளமுள்ள குறுக்கறுப்பு ரம்பமே. அது ஒன்றே போதும். முதுகில் இரும்புப் பட்டை பதித்த சிறு ரம்பம் நுண்ணிய பொருத்து வேலைக்குரியது. மரம் சாய்க்கும் சங்கிலி ரம்பம் பலகை வேலைக்கு ஆகாது.

மரத்தையும் கருதவேண்டும். வெயிலும் மழையும் படும் இடத்திற்குச் செங்கால், பாலாவ் போன்ற வன்மரங்களே நிலைக்கும். இவை ரம்பத்தின் கூரை விரைவில் மழுக்கும். வெட்டிச் சாய்த்த பால்மரத்தின் பலகை எளிதில் அறுபடும். ஆனால் பதப்படுத்தாமல் வெளியே இட்டால் பூஞ்சையும் துளைக்கும் பூச்சியும் அதனை விரைவில் அழித்துவிடும். பழைய வீட்டுப் பலகையாயின், ஆணிகளை முழுதும் பிடுங்கிய பின்னரே ரம்பத்தை வைத்தல் வேண்டும்.

கடையில் ரம்பத்தைக் கையில் எடுத்துச் சோதியுங்கள். அலகை ஒரு கண்ணால் நோக்குங்கள். அது நேராக இருக்கவேண்டும். சற்று வளைத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் சாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இச்சாய்வினால்தான் வெட்டுத்தடம் அலகைவிடச் சற்று அகலமாகி, ரம்பம் சிக்காமல் ஓடுகிறது. பல்லின் முனை மட்டும் கருநீலமாக இருந்தால், அது சூடேற்றி உறுதியாக்கப்பட்டது. நெடுநாள் கூர் நிற்கும். ஆனால் மழுங்கினால் அரத்தால் தீட்ட இயலாது.

மின்சார வட்ட ரம்பம் வேலையை விரைவில் முடிக்கும். விரலையும் அவ்வாறே முடித்துவிடும். பழகாதவர் தனியே அதனைத் தொடலாகாது. பலகையின் இரு முனைகளையும் முக்காலிகளில் வைத்து நடுவே அறுத்தால், பலகை தொய்ந்து அலகைக் கவ்வும். ரம்பம் அறுப்பவரை நோக்கிப் பின்னே பாயும். அறுந்துவிழும் பகுதி தடையின்றி விழுமாறு வைத்தலே முறை. காப்புமூடியைக் கட்டிவைத்தல் கூடாது. அலகை மாற்றுமுன் மின்இணைப்பைக் கழற்றுக. ஈரத்தரையில் நின்று இயக்காதீர். 32 துண்டுகளுக்குக் கைரம்பமே போதுமானது.

அறுக்கும் முறையையும் அறிந்துகொள்வோம். கோட்டின் மேல் அறுக்காமல், கழிவுப் பக்கம் ஒட்டி அறுக்கவேண்டும். முதலில் இரண்டு மூன்று முறை ரம்பத்தைப் பின்னோக்கி மெல்ல இழுத்துத் தடம் செய்க. பின்னர் 45 பாகைச் சாய்வில் நீண்ட வீச்சாக அறுக்க. ரம்பத்தை அழுத்தித் தள்ளவேண்டாம். பற்களே வேலையைச் செய்யும். அழுத்தினால்தான் ஓடுகிறது என்றால் அது மழுங்கிவிட்டது என்று பொருள். முடிவில் வெட்டுத்துண்டை ஒருவர் தாங்கிப் பிடித்தால் பலகை பிளவாது. வேலை முடிந்ததும் பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எண்ணெய் தடவிச் சிறுவர் கைக்கெட்டாத இடத்தில் வைக்க.

வீடு தோட்ட நிருவாகத்திற்குச் சொந்தமாயின் முன்கூட்டியே அனுமதி பெறுதல் நலம்.

எண்ணிப் பார்க்க:

1. உங்கள் வாசலுக்கு ஏற்ற தளத்தின் நீள அகலம் என்ன? எத்தனை துண்டுகள் தேவை?
2. அவற்றுள் குறுக்கு வெட்டு எத்தனை? நெடுக்கு வெட்டு எத்தனை?
3. வீட்டில் உள்ள ரம்பத்தில் அங்குலத்திற்கு எத்தனை பற்கள்? அது எவ்வேலைக்கு உரியது?

இம்மூன்றுக்கும் விடை கண்டபின் கடைக்குச் செல்லுங்கள். பால்வெட்டுபவரின் மூலதனம் அவருடைய பத்து விரல்கள். அந்தப் பத்து விரல்களோடும் தளத்தில் அமர்ந்து தேநீர் அருந்துவதே இப்பாடத்தின் பயனாகும்.