ஜாமீன் – சொல்லும் பொறுப்பும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நம் சகோதரர்கள், உடன் வேலை செய்பவர் வாங்கும் வட்டியில்லாக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதுண்டு. “பெயருக்குத்தானே” என்பார்கள். பெயருக்கன்று.

‘ளாமின்’ என்னும் அரபுச் சொல்லே பார்ஸி, உருது வழியாக நம்மிடம் ஜாமீன் ஆயிற்று. பொறுப்பேற்பவர் என்பது பொருள்.

கடனோடு மரணித்த ஒருவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்த முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்ற பின்னரே தொழுவித்தார்கள். புகாரியில் இதைக் காண்கிறோம்.

ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் கடன் கொடுத்தவர் ஜாமீன்தாரரிடமே நேராகக் கேட்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவும், வேறு நிபந்தனை எழுதப்படாதவரை, கடனாளிக்குள்ள பொறுப்பையே அவருக்கும் வைக்கிறது.

ஆகவே வீட்டாரிடம் கலந்து, நம்மால் கட்ட இயலும் தொகைக்கு மட்டும் கையெழுத்திடுவோமாக. இயலாதபோது “முடியாது” என்பது குற்றமன்று.