குளத்துப் பாசி நஞ்சும் கல்லீரல் பாதுகாப்பும்

கோடைக் காலத்தில் நம் நாட்டின் குளங்களிலும் ஏரிகளிலும் நீர் குறைந்து வெப்பம் மிகும்போது, நீரின் மேற்பரப்பில் பச்சை வர்ணம் பூசியதைப் போன்ற ஓர் ஏடு படர்வதைக் காண்கிறோம். இதனைச் சாதாரணப் பாசி என்று கருதி, ஏட்டை விலக்கிவிட்டு நீரை மொண்டு செல்வது வழக்கம். ஆனால் இவ்வேடு பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசிகளின் பெருக்கமாகும். பெயரளவில் பாசி எனப்பட்டாலும், இவை உண்மையில் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் சில, கல்லீரலைத் தாக்கும் கொடிய நஞ்சுகளை உண்டாக்குகின்றன. ஆஸ்திரேலியாவின் அலெக்சாந்திரினா ஏரியில் இத்தகைய நீரைப் பருகிய கால்நடைகள் மடிந்த செய்தி 1878-ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. நம் நாட்டில், வாரணாசியின் சில குளங்களில் நச்சுத்தன்மையுள்ள மைக்ரோசிஸ்டிஸ் என்னும் பாசி கண்டறியப்பட்டுள்ளது.

நஞ்சு செயற்படும் விதம்

இந்நஞ்சுகளுள் முதன்மையானது மைக்ரோசிஸ்டின் ஆகும். ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகப் பிணைந்து இது அமைந்துள்ளது. இந்த வளைய அமைப்பே இதற்கு உறுதியைத் தருகிறது. இது உடலின் எல்லா உயிரணுக்களுக்குள்ளும் எளிதில் நுழைவதில்லை. ஆயினும் பித்த அமிலங்கள் முதலியவற்றை உள்ளே கொண்டு செல்வதற்குக் கல்லீரல் உயிரணுக்களின் சவ்வில் சில வாயில்கள் உள்ளன. அவ்வாயில்களின் வழியாகவே மைக்ரோசிஸ்டினும் உட்புகுகிறது. குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் கல்லீரலை அடைவதால், பருகிய நஞ்சில் பெரும்பகுதி அங்கேயே சேர்கிறது.

உட்புகுந்த நஞ்சு, புரதங்களிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் நொதிகளை முடக்கிவிடுகிறது. அதன் விளைவாக உயிரணுவின் உட்சட்டம் குலைகிறது. ஒன்றோடொன்று ஒட்டியிருந்த அணுக்கள் உருண்டு பிரிகின்றன. அவற்றிடையேயுள்ள நுண்ணிய இரத்த வழிகள் உடைந்து, கல்லீரலுக்குள்ளேயே இரத்தம் தேங்குகிறது. கடுமையான அளவில் நஞ்சு ஏறிய எலிகள் சில மணி நேரத்திற்குள் இறந்துவிடுகின்றன.

மனிதரிடத்தும் இதன் கொடுமை வெளிப்பட்டுள்ளது. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பிரேசில் நாட்டின் கருவாரு நகரில், சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தைச் சுத்திகரிக்கப் பயன்பட்ட நீரில் இந்நஞ்சு கலந்திருந்தது. 131 நோயாளிகளுள் 116 பேருக்குப் பார்வைக் குறைவு, குமட்டல், வாந்தி முதலியன தோன்றின. 100 பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. 52 மரணங்களுக்கு இந்நஞ்சே காரணமெனக் கணிக்கப்பட்டது.

மருந்து உண்டா?

ரிபாம்பிசின், சைக்ளோஸ்போரின் ஆகிய மருந்துகளும், ஒருவகை முட்செடியின் விதையிலிருந்து கிடைக்கும் சிலிமாரின் என்னும் பொருளும் ஆய்வு விலங்குகளின் கல்லீரலை ஓரளவு காத்தன. இவற்றுள் சில, நஞ்சு நுழையும் வாயில்களை அடைத்துவிடுவதால் பயன் தருகின்றன. ஆகவே நஞ்சுக்கு முன்னரே கொடுக்கப்படும்போதுதான் இவற்றின் பயன் மிகுதி. நஞ்சு ஏறிய மனிதரைக் காப்பதென நிலைநாட்டப்பட்ட மாற்று மருந்து எதுவும் இல்லை. மேலும், ரிபாம்பிசின் காசநோய்க்குரிய மருந்து. அதுவே சிலருக்குக் கல்லீரலைத் தாக்கக்கூடும். சைக்ளோஸ்போரின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைப்பது. எனவே முன்னெச்சரிக்கையாக இவற்றை உட்கொள்வது தகாது. கல்லீரலைக் காக்கவேண்டிய இடம் மருத்துவமனை அன்று, குளக்கரையேயாகும்.

ஒரு பாடம்

குளக்கரையிலும் நற்செயல் தீங்காய் முடிவதுண்டு. 1979-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த பாம் தீவில், குடிநீர் அணையில் பாசி பெருகி நீரின் சுவையும் மணமும் கெட்டன. பாசியை ஒழிக்க மயில்துத்தம் தூவப்பட்டது. சில நாட்களுக்குள் 138 குழந்தைகளும் 10 பெரியவர்களும் கல்லீரல் வீக்கத்துடனும் வாந்தியுடனும் நோயுற்றனர். இதற்குக் காரணம் மைக்ரோசிஸ்டின் அன்று. சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் என்னும் வேறொரு பாசி நஞ்சு எனப் பின்னர் அறியப்பட்டது. எனினும் பாடம் பொதுவானது. மைக்ரோசிஸ்டின் பாசி உயிரோடிருக்கும்வரை பெரும்பாலும் அதன் அணுவினுள் அடங்கியிருக்கிறது. மயில்துத்தத்தால் அணு உடையும்போது நஞ்சு முழுவதும் நீரில் கரைந்துவிடுகிறது. பாசியை வடிகட்டி நீக்கலாம். கரைந்த நஞ்சைத் துணியோ மணலோ எளிதில் பிடித்து நிறுத்தாது.

நீரைக் கொதிக்க வைப்பதும் பயன் தராது. மைக்ரோசிஸ்டின் கொதிநிலையிலும் சிதைவதில்லை. நீர் வற்றுவதால் நஞ்சு செறிவடையவே செய்யும். நெடுநாள் பருகும் நீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், அதாவது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, என்னும் அளவை உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுத்துள்ளது.

களப்பணியாளர் செய்யவேண்டியவை

1. ஒரு குச்சியை ஏட்டினுள் செலுத்தி எடுக்கவும். மயிர்போல் நூல் நூலாகச் சுற்றிக்கொண்டால் பெரும்பாலும் அது சாதாரணப் பச்சைப்பாசி. வர்ணம்போல் பூசிக்கொண்டால் நீலப்பச்சைப் பாசியெனச் சந்தேகிக்கலாம்.

2. கையுறை அணிந்து, கண்ணாடிப் புட்டியில் முக்கால் பங்கு நீரெடுத்து மூடி, ஓரிரவு அசையாமல் வைக்கவும். பச்சை நிறம் மேலே வளையமாகத் திரண்டால் சந்தேகம் வலுப்படும். பாசி நஞ்சுள்ளதா என்பதைக் கண்ணாலோ நுண்ணோக்கியாலோ அறிய இயலாது. ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும். அதுவரை நஞ்சுள்ளதாகவே கொள்க.

3. அந்நீரைக் குடிக்கவும், சமைக்கவும், குளிக்கவும், கால்நடைக்குக் காட்டவும் விடாமல், வேறு நீருக்கு ஏற்பாடு செய்க. காற்று ஒதுக்கும் கரையில் ஏடு தடித்திருக்கும். அப்பக்கம் குழந்தைகளை விடலாகாது.

4. பாசி மிகுந்துள்ள குடிநீர்க் குளத்தில் மயில்துத்தம் இடாதீர்.

5. நீரேற்று நிலையங்களில், முதலில் படிகாரமிட்டுப் பாசியை உடையாமல் படியவைத்து வடிகட்டி, அதன் பின்னரே குளோரின் சேர்க்க வேண்டும். போதிய அளவு குளோரின், போதிய நேரம் நீரோடு கலந்திருந்தால், எஞ்சிய மைக்ரோசிஸ்டினைச் சிதைக்கும். செயலூக்கப்பட்ட கரியும் நஞ்சை ஈர்த்துக்கொள்ளும்.

ஆசிரியர்களுக்கு

குச்சிச் சோதனையை ஆசிரியரே செய்துகாட்டி, மூடிய புட்டியை மறுநாள் மாணவர்களைக் கொண்டு கவனிக்கச் செய்யலாம். அதனுடன் ஒரு வினாவையும் எழுப்புக: இப்பாசிக்கு உணவு எங்கிருந்து வந்தது? வயல்களிலிருந்து வடியும் உரம், சாக்கடை நீர், மாட்டுச் சாணம் ஆகியவற்றிலுள்ள பாஸ்பரசும் நைட்ரஜனுமே அவ்வுணவு. இவை குளத்தில் சேராமல் தடுத்தால் பாசி பெருகாது. பாசி பெருகாத குளத்து நீரைப் பருகுவோரின் கல்லீரலுக்கு இந்நஞ்சினால் அச்சமில்லை.