கைப்பேசிக்கு வரும் 'கிசான்' கோப்பு: படப்பை வட்டார விவசாயிகள் கவனிக்க

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் அமைந்துள்ள படப்பையிலும் அதையடுத்த மணிமங்கலம், ஆதனூர் பகுதிகளிலும் ஒரகடம் தொழிற்சாலைகளும் வீட்டுமனைகளும் பெருகிய பிறகும் ஏரிப் பாசன நெல் சாகுபடி நடைபெற்று வருகிறது. இப்பகுதி விவசாயிக்கு இன்று மண்வெட்டியைப் போலவே கைப்பேசியும் இன்றியமையாத கருவியாகி விட்டது. மானியத்துக்கு உழவன் செயலி, விவசாயிகள் பதிவேட்டில் தனி அடையாள எண், பி.எம். கிசான் தவணை என எல்லாமே ஒரே கைப்பேசி எண்ணைச் சுற்றி அமைந்துள்ளன. வங்கிக் கணக்கும் அதே எண்ணில்தான் உள்ளது.

இதை மோசடிக்காரர்கள் நன்கு அறிந்துள்ளனர். பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணைகளாக வழங்கப்படுகிறது. "தவணை நிறுத்தப்பட்டுள்ளது, உடனே விவரங்களைப் புதுப்பிக்கவும்" என்ற செய்தியுடன் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. கோப்பின் பெயர் 'பி.எம். கிசான்' என்று தொடங்கி 'ஏ.பி.கே.' என்று முடியும். பல மாநிலக் காவல்துறையினர் இது குறித்து எச்சரித்துள்ளனர். பெரும்பாலும் இது முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வருவதில்லை. ஏற்கெனவே ஏமாந்த உறவினர் அல்லது பக்கத்து நிலத்துக்காரரின் எண்ணிலிருந்தே வரும். ஆகவேதான் பலரும் சந்தேகப்படுவதில்லை.

இக்கோப்பு செயல்படும் விதத்தை அறிந்து கொள்வது நலம். கோப்பைத் தொட்டதும் "அறியாத இடத்திலிருந்து வரும் செயலியை நிறுவலாமா?" என்று கைப்பேசி கேட்கும். அடுத்து, குறுஞ்செய்திகளைப் படிக்கவும் தொடர்பு எண்களைப் பார்க்கவும் செயலி அனுமதி கோரும். பூட்டை யாரும் உடைப்பதில்லை. சாவியை நாமே கொடுக்கிறோம். குறுஞ்செய்தி அனுமதி கிடைத்து விட்டால் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் மோசடிக்காரருக்கும் போய்ச் சேரும். "நான் யாருக்கும் ஓ.டி.பி. சொல்லவில்லையே" என்று விவசாயி வியப்பது இதனால்தான். பறிபோவது ரூ.2,000 தவணை மட்டுமன்று. நெல் விற்ற பணமும் பயிர்க் கடனும், சிலருக்கு நிலம் விற்ற தொகையும் அதே கணக்கில் இருக்கும்.

அட்டை இல்லாத நெல் விதையை, பக்கத்து ஊர்க்காரர் கொடுத்தார் என்பதற்காக மட்டும் நாற்றங்காலில் விதைப்போர் குறைவு. நீல அட்டை உள்ளதா என்று பார்த்தே சான்று விதை வாங்குகின்றனர். செயலிக்கும் அதே கண்டிப்பு வேண்டும். பி.எம். கிசானின் உண்மையான செயலி பிளே ஸ்டோரில் உள்ளது. அதிலும் வெளியிட்டவர் பெயரைப் படித்த பின்னரே நிறுவ வேண்டும். முகத்தைக் காட்டி விவரங்களை உறுதி செய்யும் வசதி அச்செயலியில் 2023 ஜூனில் ஏற்படுத்தப்பட்டது. கைப்பேசி பழக்கமில்லாதவர்கள் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்து இதைச் செய்து கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு இதற்குத் தேவையே இல்லை.

விவரங்களைத் தாளில் கொடுப்பதிலும் எச்சரிக்கை தேவை. 2020இல் தமிழகத்தில் இதே திட்டத்தில் நடந்த முறைகேட்டைப் பலர் மறந்திருக்கலாம். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் விவசாயிகள் அல்லாதோரும் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டனர். சுமார் ரூ.110 கோடி இவ்வாறு சென்றதாக அரசு அறிவித்தது. அலுவலர்களின் கடவுச்சொற்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டன; இடைத்தரகர்கள் ஆதார், வங்கிப் புத்தக நகல்களை ஊர் ஊராகத் திரட்டினர். பின்னர் அப்பணத்தில் ஒரு பகுதி கணக்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. எதற்கு என்று தெரியாமலே நகலைக் கொடுத்தவர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே நகல் கொடுக்கும்போது எந்த வேலைக்கு, எந்தத் தேதியில் என்று அதன் மேலேயே எழுதிக் கையொப்பமிடலாம். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படியான ஆதார் நகலையும் ஆதார் இணையதளத்தில் பெறலாம். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அங்கு உண்டு. ஆனால் பூட்டிய பிறகு ரேஷன் கடையில் விரல் வைத்தால் ஏற்காது. பொருள் வாங்கப் புறப்படும் முன் தற்காலிகமாகத் திறந்து கொள்ள வேண்டும். வயதானவர்களுக்கு இது தொல்லைதான். வீட்டில் உதவி செய்ய ஆள் இருந்தால் மட்டுமே பூட்டுவது நலம்.

தவறுதலாகக் கோப்பை நிறுவி விட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. முதலில் கைப்பேசியின் இணையத்தை நிறுத்தி, சிம் அட்டையைக் கழற்றி விட வேண்டும். வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கச் செய்யலாம். பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்வது அவசியம். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக் கொண்டே இருக்குமாதலால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவருடையது. தெரிவித்த பின் நேருவது வங்கியைச் சேர்ந்தது என்று 2017 ஜூலை 6ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை கூறுகிறது. வங்கி தரும் புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்து வைத்துக் கொள்வது நல்லது.

சில போலிச் செயலிகள் நிறுவியபின் திரையில் படத்தைக் காட்டாமல் ஒளிந்து கொள்ளும். செட்டிங்ஸ் பகுதியில் செயலிகளின் முழுப் பட்டியலைப் பார்த்து நீக்க வேண்டும். நீங்காவிட்டால் படங்களை எடுத்து வைத்துக் கொண்டு, கைப்பேசியை முழுவதும் அழித்துப் புதிதாக அமைப்பதே வழி. அதன் பிறகே சிம் அட்டையைத் திரும்பப் போட வேண்டும். தம் எண்ணிலிருந்து யாருக்கெல்லாம் அக்கோப்பு சென்றது என்று பார்த்து, அவர்களை அன்றே அழைத்துத் திறக்க வேண்டாம் என்று சொல்லி விட வேண்டும்.