ஹாஸ்யத்தின் எடுப்பு

பாலிகஞ்ச்,
கல்கத்தா.



உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. அதைப் பிரித்தபோது கரியாஹாட் பக்கமெல்லாம் மழைநீர் தேங்கி, கை ரிக்ஷாக்காரர் ஒருவர் முழங்காலளவு தண்ணீரில் வண்டியை இழுத்துக்கொண்டு, சின்ன மணியைக் கைப்பிடியில் தட்டித் தட்டிப் போய்க்கொண்டிருந்தார். அந்த ஓசை ஒரு சீரான நடையில் விழுந்ததால், உன் கடிதத்தை நான் தாளத்தோடு படித்தேன் என்றே சொல்ல வேண்டும்.

25 வயதுக்குள் 100 ஹாஸ்ய மேடைகள், 28-இல் கதாநாயகன், 30-இல் இயக்குநர், அதற்கப்புறம் சாவகாசமாகச் சங்கீதமும் சித்திரமும் என்று நீ போட்டிருக்கும் அட்டவணையைப் பார்த்தேன். பாட்டையும் படத்தையும் ஓய்வுகால உத்தியோகமாக ஒதுக்கி வைத்திருக்கிறாயே, அங்கேதான் எனக்கு அபிப்பிராய பேதம்.

1927-இல் தூத்துக்குடியிலே பிறந்து, பால்யத்தின் ஒரு பகுதியைக் கொழும்பிலே கழித்து, சென்னைக்கு வந்து பட்ட அவஸ்தைகளுக்கெல்லாம் பிறகு 1947-இல் 'தன அமராவதி'யில் முகம் காட்டிய ஹாஸ்ய நடிகர் ஜே. பி. சந்திரபாபுவுக்கு, உன்னுடையதைப் போன்ற அட்டவணை ஒன்றைப் போட்டுப் பார். 1960-இல் 'கவலை இல்லாத மனிதன்' என்ற படத்தில் கதாநாயகன். 1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்துக்கு இயக்குநர். பெரிய எழுத்தில் பொறிக்கத்தக்க இந்த இரண்டும் அவருக்குப் பணமும் தேடித் தரவில்லை, நிம்மதியும் தரவில்லை. ஆசைப்பட்டுக் கட்டிய வீடும் கையை விட்டுப் போய், 1974-இல் தமது 46-ஆவது வயதிலே அவர் கண்ணை மூடினார். ஆனால் அட்டவணையில் இடமே பெறாத ஒரு சங்கதியைப் பார். 1954-இல் வந்த 'பெண்' படத்திலே எஸ். பாலசந்தர் வாயசைத்துக் குதித்து ஆடும் ஒரு பாட்டுக்கு, உள்ளேயிருந்து ஒலிக்கும் குரல் சந்திரபாபுவினுடையது. அதே 1927-இல் பிறந்து, பின்னாளில் வீணை என்றாலே நினைவுக்கு வரும்படி விளங்கிய பாலசந்தர் என்ற மகாவித்வானுக்கு, சங்கீதத்தை முறையாகப் பயின்றவரென்று யாரும் கொண்டாடாத ஒரு விகடகவி குரல் கொடுத்தார் என்பதைப்போல ரஸமான விஷயம் நம் சினிமாச் சரித்திரத்தில் அதிகம் இல்லை. குரலை அடித்தொண்டையிலிருந்து சட்டென்று கள்ளக்குரலுக்குத் தாவவிட்டு மீட்டெடுக்கும் அந்த 'யோடல்' வித்தையை அவர் வெறும் வேடிக்கைக்காக வைத்துக்கொள்ளவில்லை. துக்கப் பாட்டிலும் அதே குரல்தான் உடைந்தது.

'சபாஷ் மீனா'வில் (1958) அவர் ஏற்ற இரட்டை வேஷத்தில் ஒன்று ரிக்ஷாக்காரன். தென்பாண்டிக் கடற்கரையில் பிறந்த ஒருவர் சென்னைத் தெருவின் பாஷையை அத்தனை கச்சிதமாகப் பேசினாரென்றால், அது நாக்கின் சாமர்த்தியம் என்பதைவிடச் செவியின் அப்யாசம் என்பதே பொருந்தும். அந்தச் செவி சங்கீதத்தால் தீட்டப்பட்ட செவி.

இதையே வேறு விதமாகச் சொல்கிறேன், நீ மிருதங்கம் கொஞ்சம் கற்றவனாகையால். தாளம் தொடங்குவதற்கு முன்பே பாட்டை எடுப்பது அதீதம். தாளம் தொடங்கிய பின் சற்றே தாமதித்து எடுப்பது அனாகதம். ஹாஸ்யம் பெரும்பாலும் அனாகத எடுப்பு. சபை எதிர்பார்க்கும் இடத்தில் வார்த்தை விழாமல், ஒரு அக்ஷரமோ அரை அக்ஷரமோ தள்ளி விழும்போது சிரிப்பு பிறக்கிறது. நீ அனுப்பிய ஒலிப்பதிவில் நல்ல விகடங்கள் மூன்றை, கார்வை கொடுத்து நிறுத்தப் பொறுமையில்லாமல், தாளத்தோடு சேரும் சமத்திலேயே போட்டு உடைத்திருக்கிறாய். இதைத் திருத்த விகட நூல்கள் உதவா; தினம் அரைமணி நேரம் கையால் தாளம் போட்டுக்கொண்டு பாடு.

நாகர்கோவிலில் வில்லுப்பாட்டிலிருந்து புறப்பட்டு வந்த என். எஸ். கிருஷ்ணன், 'நல்லதம்பி'யில் (1949) கிந்தனார் காலக்ஷேபம் செய்து சிரிக்க வைத்தாரே, காலக்ஷேபத்தின் இலக்கணம் முழுவதும் கைவசம் இல்லாதவர் அதைச் செய்திருக்க முடியுமா? காலக்ஷேபம் செய்யும் பாகவதரின் மிடுக்கு அவரிடம் குறைந்திருந்தால் பரிகாசமும் அதே அளவு குறைந்திருக்கும்.

இந்த ஊர்க்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுகுமார் ராய் தாம் எழுதிய பைத்தியக்காரப் பாட்டுகளுக்குத் தாமே விசித்திரப் பிராணிகளை வரைந்தார். 1923-இல் 'ஆபோல் தாபோல்' புத்தகமாக வெளிவந்தபோது அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அவருடைய பிள்ளை சத்யஜித் ராய், எங்கள் பாலிகஞ்ச் அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்தவர், 1958-இல் 'பரஷ் பாத்தர்' என்ற படத்தை எடுத்தபோது, அதுவரை துண்டுதுண்டு வேஷங்களிலேயே காலந்தள்ளிவந்த துளசி சக்கரவர்த்தி என்ற ஹாஸ்ய நடிகரைக் கதாநாயகனாக்கினார். துளசி பாபுவுக்கு அப்போது வயது அறுபதை நெருங்கிவிட்டது. பாட்டும் தபலாவும் தெரிந்தவர். அந்தப் படத்தில் அவர் ஏற்ற குமாஸ்தாவின் முகத்திலே திகைப்பும் பேராசையும் பயமும் மாறி மாறி ஓடுகிற லயத்தை நீ ஒருமுறை ஒலியை அடக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். உன் அட்டவணையில் அறுபது வயதுக்கு வரியே இல்லை!

கிஷோர் குமாரையும் நினைத்துக்கொள். சினிமாவில் கோமாளியாக ஜனங்கள் அறிந்த அந்த மனிதர் 1964-இல் தாமே எழுதி, இயக்கி, இசையமைத்து, நடித்து ஒரு சோகப் படம் கொடுத்தார். அதே வருஷம் ராயின் 'சாருலதா'வுக்காகத் தாகூர் பாட்டொன்றைப் பாடினார். 'கோமாளி கம்பீரத்துக்கு உயர்ந்துவிட்டான்' என்று அதைப் புகழ்கிறவர்களை நான் நம்புவதில்லை. உயர்வு தாழ்வு என்ன வந்தது? கோமாளித்தனத்துக்கு உதவிய அதே தொண்டைதான் அங்கேயும் உதவியது.

சித்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. நான் இளமையில் இரண்டு வருஷம் கரிக்கோல் பிடித்து, ஆபீஸ் வேலையைக் காரணம் காட்டி விட்டவன்; உண்மைக் காரணம் சோம்பல். ஆனால் நீ போன தடவை இங்கே வந்திருந்தபோது லேக் மார்க்கெட்டில் வாழையிலை விற்கும் கிழவரை ஐந்தாறு கோட்டில் வரைந்தாயே, மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவரைப்போலவே தோளைச் சாய்த்துப் பேரம் பேசிக் காட்டி எங்கள் எல்லோரையும் சிரிக்க வைத்தாய். வரைந்திராவிட்டால் அந்தத் தோள் உன் கண்ணில் பட்டிருக்குமா என்று யோசித்துப் பார்.

பூஜை விடுமுறைக்கு அவசியம் வா. ஹார்மோனியத்தில் இரண்டு கட்டை மழைக்கால ஈரத்தில் ஊறி அழுந்த மறுக்கின்றன. சரிசெய்ய ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். அட்டவணையை அங்கேயே விட்டுவிட்டு உன் சித்திர நோட்டை எடுத்துக்கொண்டு வா. வாழையிலைக் கிழவர் உன்னை இரண்டு முறை விசாரித்துவிட்டார்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா