நுரை காக்கும் மூச்சு

நுழையும்முன்

உடலுறுப்புகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் நுரையீரல் என்பது பொருள் பொதிந்தது. நுரை நிறைந்த ஈரல் என்று அதன் தோற்றத்தைக் கண்டு அமைந்த பெயர் அது. அந்த நுரை உடையாமல் நிற்பது எதனால் என்னும் வினா, குறைமாதத்தில் பிறந்து மூச்சுத்திணறி மடிந்த குழந்தைகளின் இறப்புக்கு விடையாக அமைந்தது. அவ்விடையைக் கண்ட மருத்துவர் மேரி எலன் ஏவரியின் ஆய்வை இப்பாடம் விளக்குகிறது.

முதல் மூச்சு

கருவறையில் வளரும் குழந்தை தன் நுரையீரலால் ஆக்சிஜனைப் பெறுவதில்லை. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியே தாயின் குருதியிலிருந்து வருகிறது. குழந்தையின் நுரையீரல் அப்போது நீரால் நிரம்பியிருக்கும். அதற்குள் செல்லும் தமனிகள் சுருங்கியிருப்பதால் அங்கே குருதியழுத்தம் மிகுதி. ஆகவே, குருதியின் பெரும்பகுதி நுரையீரலைத் தவிர்த்து வேறு இரு வழிகளில் உடலுக்குள் சென்றுவிடும். பிறந்த சில நிமிடங்களில் இவ்வேற்பாடு முழுவதும் தலைகீழாகிறது. நீர் விலகிக் காற்று புகுகிறது, காற்று நுண்ணறைகள் விரிகின்றன, தமனிகள் தளர்கின்றன, அழுத்தம் தாழ்கிறது, குருதி நுரையீரலுக்குள் பாய்கிறது. மனித வாழ்வில் இத்துணைக் குறுகிய நேரத்தில் இத்துணைப் பெரிய மாற்றம் மீண்டும் ஒருமுறை நிகழ்வதில்லை.

முதல் மூச்சை இழுப்பது கடினமான செயல். அடுத்த மூச்சு எளிது. வெளிமூச்சின்போது காற்று முழுவதும் வெளியேறாமல் ஒரு பகுதி நுண்ணறைகளில் தங்கி, அவற்றைத் திறந்தே வைத்திருப்பதுதான் அதற்குக் காரணம். குறைமாதக் குழந்தைகள் பலருக்கு இது வாய்ப்பதில்லை. ஒவ்வொரு மூச்சும் அவர்களுக்கு முதல் மூச்சாகவே இருக்கிறது. மூக்கு விரியும், விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்கும், ஒவ்வொரு வெளிமூச்சிலும் முனகல் கேட்கும், உதடுகள் நீலம் பாரிக்கும். மூன்றாம் நாளைத் தாண்டிய குழந்தைகள் பெரும்பாலும் தேறின. தாண்டாதவை களைத்து இறந்தன. 1950களில் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்தாயிரம் குழந்தைகளை இந்நோய் கொண்டுசென்றது.

கண்ணாடிச் சவ்வு

இறந்த குழந்தைகளின் நுரையீரலை நுண்ணோக்கியில் கண்ட மருத்துவர்கள், நுண்ணறைகளின் உட்சுவரில் கண்ணாடி போன்ற ஒரு படலம் ஒட்டியிருப்பதைக் கண்டனர். அதனால் நோய்க்குக் ‘கண்ணாடிச் சவ்வு நோய்’ என்று பொருள்படும் பெயர் நிலைத்தது. பெயரே நோயின் காரணத்தைச் சொல்லிவிட்டதாகப் பலர் எண்ணினர். குழந்தை பாலையோ பனிக்குட நீரையோ உள்ளிழுத்ததால் அப்படலம் உண்டாயிற்று என்றும், அதுவே காற்றைத் தடுக்கிறது என்றும் கருத்துகள் எழுந்தன. 1956இல் வெளியான ஓர் ஆய்வு, படலத்தில் குழந்தையின் குருதியிலிருந்து கசிந்த புரதம் இருப்பதைக் காட்டியது. படலம் வெளியிலிருந்து வந்தது அன்று என்பது இதனால் தெளிவாயிற்று. எனினும், குருதிநீர் ஏன் கசிந்தது என்னும் கேள்வி எஞ்சியது.

மேரி எலன் ஏவரி 1927ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள கேம்டன் நகரில் பிறந்தார். அவர் வீட்டுக்கு அருகில் எமிலி பேக்கன் என்னும் குழந்தை மருத்துவர் வாழ்ந்தார். ஏவரி முதன்முதலில் குறைமாதக் குழந்தையைப் பார்த்தது, சிறுவயதில் அவருடன் மருத்துவமனைக்குச் சென்றபோதுதான். பின்னர் வேதியியலில் பட்டம் பெற்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1952இல் மருத்துவக் கல்வியை முடித்தார். மருத்துவ வகுப்புகளில் பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்த காலம் அது. படிப்பு முடிந்த சில காலத்தில் அவரையே காசநோய் பற்றியது. நோயாளியாகப் படுத்திருந்த நாள்களில்தான் நுரையீரலின்மீது அவருக்கு ஈடுபாடு வளர்ந்தது.

குறைமாதக் குழந்தைகளைக் கவனிக்கும் பிரிவில் பணியாற்றியபோது, பிணக்கூறாய்வில் அவர் ஒன்றைக் கவனித்தார். வேறு காரணங்களால் இறந்த குழந்தைகளின் மூச்சுக்குழல்களில் நுரை இருந்தது. மூச்சுத்திணறி இறந்த குழந்தைகளின் மூச்சுக்குழல்களில் நுரை இல்லை. அவர்களுடைய நுரையீரல் காற்றின்றி, கல்லீரலைப் போன்று இறுகிக் கிடந்தது. நுரையீரலில் நுரை நீங்கி ஈரல் மட்டும் எஞ்சியது எனலாம். மற்றவர்கள் அங்கே இருந்த படலத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஏவரியின் கவனம் அங்கே இல்லாத நுரையின்மீது சென்றது.

குமிழியின் இயல்பு

குமிழி ஒன்றின் சுவர் எப்போதும் சுருங்கவே முயல்கிறது. நீர்மத்தின் பரப்பு இழுவிசையே அதற்குக் காரணம். குமிழி சிறிதாகச் சிறிதாக அதனுள் அழுத்தம் மிகும் என்பது லாப்லாஸ் விதி. சிறு குமிழியும் பெரிய குமிழியும் ஒரு குழலால் இணைக்கப்பட்டால், சிறியது தன் காற்றைப் பெரியதற்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கி மறையும். வளர்ந்தவரின் நுரையீரலில் உள்ள ஏறத்தாழ 30 கோடி நுண்ணறைகளும் ஈரம் படிந்த குமிழிகளே. இவ்விதிப்படி அவற்றுள் சிறியவை யாவும் மூடிப்போயிருக்க வேண்டும். ஆனால், மூடுவதில்லை.

இதற்கான முதல் தடயம் 1929இலேயே கிடைத்தது. கர்ட் வான் நீர்கார்ட் என்னும் அறிஞர், பன்றியின் நுரையீரலைக் காற்றால் விரிப்பதைவிட நீர்மத்தால் விரிப்பது எளிது என்று காட்டினார். காற்றும் ஈரமும் சந்திக்கும் பரப்பே தடை என்பதும், புதிதாகப் பிறந்த குழந்தைகளின் மூச்சுக்கு இது முதன்மையானது என்பதும் அவர் கருத்து. ஜெர்மன் மொழியில் வெளியான அக்கட்டுரை கால் நூற்றாண்டுக் காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதற்கிடையில் எத்தனை குழந்தைகள் இறந்தன என்று எண்ணிப் பார்ப்பது வருத்தம் தருவது.

அடுத்த தடயம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. போரில் பயன்படும் நச்சு வாயுக்கள் நுரையீரலை எவ்வாறு தாக்குகின்றன என்று இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ஆய்வகத்தில் ஆராய்ந்த ரிச்சர்ட் பேட்டில், நுரையீரலிலிருந்து வரும் நுரை எளிதில் உடையாததை 1955இல் அறிவித்தார். அக்குமிழிகளின் பரப்பு இழுவிசை ஏறத்தாழச் சுழி என அவர் கணக்கிட்டார். அமெரிக்க இராணுவத்தின் எட்ஜ்வுட் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் கிளெமென்ட்ஸ், இதனை அளக்கும் தராசு ஒன்றை அமைத்தார். ஒரு தொட்டியில் நுரையீரல் சாற்றை ஊற்றி, அதன் மேற்பரப்பைத் தடுப்பு ஒன்றால் நெருக்கியும் விரித்தும் விசையை அளக்கும் எளிய கருவி அது. பரப்பு விரிந்தபோது இழுவிசை கூடியது. நெருங்கியபோது பெரிதும் குறைந்தது. நுண்ணறை சுருங்கும் வேளையில்தான் அதற்கு உதவி மிகுதியாகத் தேவை. அவ்வேளையில் உதவி கிடைக்கிறது. அதனைச் செய்யும் பொருள், நுண்ணறைகளின் உட்பக்கத்தில் படர்ந்துள்ள ‘சர்பாக்டன்ட்’ எனப்படும் மெல்லிய கொழுப்புப் பூச்சு.

தெரிந்து தெளிவோம்

சர்பாக்டன்டின் ஏறத்தாழ 90 விழுக்காடு கொழுப்பு, எஞ்சியது புரதம். நுண்ணறைச் சுவரில் உள்ள இரண்டாம் வகைச் செல்கள் இதனைச் சுரக்கின்றன. கருவின் 24ஆம் வாரத்தையொட்டி உற்பத்தி தொடங்கி, ஏறத்தாழ 35ஆம் வாரத்தில் போதிய அளவை எட்டுகிறது.

தராசு காட்டிய விடை

1957இல் ஏவரி பாஸ்டன் நகருக்குச் சென்று, ஹார்வர்டில் நுரையீரல் இயக்கவியல் அறிஞர் ஜெரி மீட்டிடம் ஆய்வில் சேர்ந்தார். கிளெமென்ட்ஸின் கட்டுரையைப் படித்ததும், எட்ஜ்வுட்டுக்கு நேரில் சென்று தராசின் இயக்கத்தைக் கற்றுவந்தார். பின்னர் அத்தகைய தராசைப் பாஸ்டனிலும் அமைத்து, இறந்த குழந்தைகளின் நுரையீரல் சாற்றை ஒவ்வொன்றாக அளந்தார். வேறு காரணங்களால் இறந்த குழந்தைகளின் சாற்றில், பரப்பு நெருங்கியபோது இழுவிசை தாழ்ந்தது. கண்ணாடிச் சவ்வு நோயால் இறந்தவற்றிலும், 1200 கிராமுக்கும் குறைந்த எடையுடன் பிறந்தவற்றிலும் அது தாழவில்லை.

ஏவரியும் மீட்டும் இம்முடிவை 1959இல் வெளியிட்டனர். சவ்வு நோயின் காரணம் அன்று, விளைவு. பூச்சு இல்லாத நுண்ணறைகள் ஒவ்வொரு வெளிமூச்சிலும் மூடிக்கொள்கின்றன. அவற்றை மீண்டும் பிளந்து திறக்கும் போராட்டத்தில் சுவர் சிதைந்து குருதிநீர் கசிகிறது. அக்கசிவே படலமாக உறைகிறது. குழந்தையைக் கொன்றது அங்கிருந்த பொருள் அன்று. அங்கு இருந்திருக்க வேண்டிய பொருளின் இன்மை.

காரணம் தெரிந்தது, மருந்து கிட்டவில்லை. 1963 ஆகஸ்டு 7 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பாட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மிகுதி. பாஸ்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் வைத்தும் அக்குழந்தை இரண்டு நாள்களுக்குள் இறந்தது. நாட்டின் தலைவருக்கும் அன்றைய மருத்துவம் செய்ய இயன்றது அவ்வளவே.

தமனியா, நுண்ணறையா?

எளிதாகத் தோன்றிய வழியும் பயன்தரவில்லை. இல்லாத பொருளைக் கொடுத்துவிட்டால் போதும் என்று கருதி, பூச்சின் முதன்மையான கொழுப்பை மட்டும் நுண்துளிகளாக்கிக் குழந்தைகளை உள்ளிழுக்கச் செய்தனர். தெளிவான பலன் இல்லை. 1967இல் சிங்கப்பூர் ஆய்வின் முடிவுகளை வெளியிட்ட குழு, நோயின் வேர் நுண்ணறையில் இல்லை, சுருங்கிய நுரையீரல் தமனிகளில் உள்ளது என்று கருதியது. அக்குழுவில் கிளெமென்ட்ஸும் ஒருவர். தாம் திறந்த வழியையே ஐயுறும் அளவுக்குச் சான்றுகளை மதித்தவர் அவர்.

ஐயம் வெறுங்கற்பனை அன்று. ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் தமனிகள் சுருங்கி அழுத்தம் உயரும் என்பதை ஸ்வீடனின் வான் ஆய்லரும் லில்ஜெஸ்ட்ராண்டும் 1946இலேயே பூனைகளில் நிறுவியிருந்தனர். நோயுற்ற குழந்தைகளிடமும் நுரையீரல் உயர் குருதியழுத்தம் காணப்பட்டது. குருதி நுரையீரலைத் தவிர்த்து, கருவறைக் காலத்துப் பழைய வழிகளிலேயே ஓடியது. எது முதல், எது பின் என்பதே பூசல்.

இதற்கிடையே நியூசிலாந்தில் கிரகாம் லிக்கின்ஸ், மகப்பேறு தொடங்குவது எவ்வாறு என்று அறிய ஆட்டுக்கருவில் கார்ட்டிசால் வகை இயக்குநீரைச் செலுத்திப் பார்த்தார். உயிர்பிழைக்க முடியாத அளவுக்கு முன்னதாகப் பிறந்த குட்டி ஒன்று மூச்சுவிட்டது. 1969இல் வெளியான இச்செய்தியின் பொருளை ஏவரி உடனே உணர்ந்தார். அவர் குழுவினர் இரட்டை ஆட்டுக்கருக்களுள் ஒன்றுக்கு மட்டும் மருந்து செலுத்தி, மற்றதை ஒப்பீட்டுக்கு வைத்தனர். மருந்து பெற்ற கருவின் நுரையீரலில் சர்பாக்டன்ட் முன்னதாகவே தோன்றியது. 1972இல் லிக்கின்ஸும் ராஸ் ஹவியும் 282 தாய்மார்களிடம் செய்த ஆய்வு, குறைப்பிரசவத்துக்கு முன் தாய்க்கு இடும் ஊசி குழந்தையின் மூச்சுத்திணறலையும் இறப்பையும் குறைப்பதை மெய்ப்பித்தது. ஆயினும், அமெரிக்க வல்லுநர் குழு இதனைப் பரவலாகப் பரிந்துரைக்க 1994 ஆயிற்று. இருபத்திரண்டு ஆண்டுத் தாழ்ச்சிக்கு எந்த விளக்கமும் போதாது.

சர்பாக்டன்ட் மருந்தாகியது ஜப்பானில். டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து பிரித்த பூச்சைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் நேரடியாகச் செலுத்தி, 1980இல் முடிவை வெளியிட்டார். எட்டுக் குழந்தைகள் பிழைத்தன. முன்பு கொழுப்பை மட்டும் தந்தபோது பயன் கிட்டாததன் காரணமும் பின்னர் விளங்கியது. பூச்சு விரைந்து பரவச் சிறு புரதங்களும் அதனுடன் இருக்க வேண்டும். நுண்ணறைகள் திறந்து ஆக்சிஜன் உயர்ந்ததும், இக்குழந்தைகள் பலருக்குத் தமனிகளும் தளர்ந்தன. நுண்ணறை முதல், தமனி பின் என்ற ஏவரியின் வரிசை சரியானது. நிறைமாதத்தில் பிறந்தும் தமனி அழுத்தம் தாழாத குழந்தைகள் உண்டு. அது வேறு நோய். அதற்கு உள்ளிழுக்கும் நைட்ரிக் ஆக்சைடு 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

ஏவரி 1974இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை மருத்துவராகி, 1991இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கத்தைப் பெற்று, 2011இல் மறைந்தார். அமெரிக்காவில் பத்தாயிரமாக இருந்த இறப்புகள் அதற்குள் ஏறத்தாழ ஆயிரமாகக் குறைந்திருந்தன.

சர்பாக்டன்ட் விலை மிகுந்தது. அதனைச் செலுத்தப் பயிற்சி பெற்ற மருத்துவரும் கருவிகளும் வேண்டும். தாய்க்கு இடும் ஊசிக்கு அவை வேண்டியதில்லை. இந்திய அரசின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, 24 முதல் 34 வாரங்களுக்குள் குறைப்பிரசவ வலி கண்ட தாய்க்கு டெக்சாமெத்தசோன் ஊசி 12 மணி நேரத்துக்கு ஒருமுறையாக நான்கு தவணை இடப்படுகிறது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன், முதல் ஊசியைத் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரே இடலாம்.