கமக்காரர்க்குப் பலகைக் கணினி: விலையின்றிப் பெறத்தக்க செயலிகள் சில

2020 ஆம் ஆண்டிலே கொரோனா நோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடங் கேட்பதற்கெனப் பல குடும்பத்தினர் பலகைக் கணினிகளை வாங்கினர். ‘டப்’ என்று பொதுவாக வழங்கப்படும் இக்கருவி வெள்ளவத்தையில் காலி வீதியை அடுத்த மாடி வீடுகள் பலவற்றில் இன்று வேலையின்றிக் கிடக்கின்றது. அவ்வீட்டாருள் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ வலிகாமத்திலோ வயலும் தோட்டமும் உடையோர் உளர். அங்கே கமஞ் செய்யும் உறவினரை உடையோரும் உளர். இக்கருவியை ஊருக்கு அனுப்பினால் கமத்துக்கு உதவுமா என்று அவர்கள் வினவுகின்றனர்.

உதவும். ஆயினும், எந்தச் செயலியைக் கொள்வது, அது கூறுவதை எவ்வளவு தூரம் நம்புவது, எந்த இடத்தில் அதனை மூடிவைத்துவிட்டு வயலில் இறங்குவது என்பவற்றைக் கமக்காரர் அறிந்திருத்தல் அவசியம். பீடைநாசினிப் போத்தல் ஒன்றின் விலையும், சில வேளைகளில் ஒரு போகத்தின் விளைவு முழுவதும் இதிலே தங்கியுள்ளன.

முதலிற் கருவியைச் சோதித்துக்கொள்க. சில ஆண்டுகளாகப் பெட்டியிற் கிடந்த டப்பில் புதிய செயலிகள் ஏறாமற் போகலாம். ஆதலால் அதன் இயங்குமுறையை இணையத்தின் மூலம் புதுப்பித்தல் வேண்டும். மலிவான டப்புகளிற் கமரா தரங்குறைந்ததாயிருப்பது வழக்கம். வைபை மாத்திரமே உள்ள சிலவற்றில், ஐபேட் உட்பட, இடங்காட்டும் ஜீ.பி.எஸ். அமைப்பு இராது. இவ்விரு குறைகளும் உள்ள கருவியை வயலுக்குக் கொண்டுசெல்வதாற் பயனில்லை. வயலிற் படமெடுப்பதற்குக் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கும் வாசிப்பதற்கும் கணக்கெழுதுவதற்கும் டப்பை வைத்துக்கொள்வதே நன்று. நண்பகல் வெயிலில் அதன் முகத்தில் ஒன்றும் தெரியாது என்பதும் நினைவிற்குரியது.

‘இலவசம்’ என்னும் சொல்லையும் சற்று ஆராய்தல் வேண்டும். விலை கேளாத செயலிகளிற் பல விளம்பரங்களைக் காட்டிப் பிழைக்கின்றன; சில, பாதி வேலையைச் செய்துவிட்டு மீதிக்குப் பணங் கேட்கின்றன. பயிரைப் படம்பிடிக்கும் செயலி கமராவையும் இருப்பிடத்தையும் அறிய அனுமதி கேட்பது நியாயமானதே. தொலைபேசி இலக்கங்களையும் குறுஞ்செய்திகளையும் வாசிக்க அனுமதி கேட்குமாயின், அத்தகையதை உடனே நீக்கிவிடுக.

செயலிகளுள் முதன்மையானது எதுவென்று கேட்பின், குறிப்பெழுதும் செயலியே என்பேன். ‘கூகுள் கீப்’ என்பது விளம்பரமின்றி இலவசமாகக் கிடைப்பது. இணையத் தொடர்பு இல்லாதபோதும் எழுதலாம். படத்தையும் குறிப்போடு சேர்த்து வைக்கலாம். எழுத நேரமில்லாதோர் ‘ஜீபோர்ட்’ என்னும் விசைப்பலகைச் செயலியில் தமிழைத் தெரிந்து, ஒலிவாங்கிக் குறியைத் தொட்டு, வாயாற் சொன்னாற் போதும். அது தமிழ் எழுத்தாக மாறும். விதைத்த திகதி, நெல்லினம், பசளையிட்ட நாளும் அளவும், நீர் பாய்ச்சிய நாள், தெளித்த மருந்தின் பெயர் ஆகியவற்றை அன்றன்றே பதிந்து வைக்கும் கமக்காரர், பயிருக்கு நோய் வந்தபோது மற்றையோரிலும் பாதி வழி முன்னே நிற்பார். நாற்றுமேடைக்கு இட்டது என்ன, வயலுக்கு இட்டது என்ன என்பதை மூன்று வாரத்துக்குப் பின்னர் மனத்திலிருந்து சரியாகச் சொல்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

ஆயினும், கமக்காரர் மிகுதியாக விசாரிப்பது நோயறியும் செயலிகளைப் பற்றியே. அவற்றுள் தமிழிற் கிடைப்பது ‘பிளான்ரிக்ஸ்’. 2015 இல் ஜேர்மனியிலே தோன்றிய நிறுவனமொன்று இதனை ஆக்கியது. நோயுற்ற இலையைப் படம்பிடித்துக் கொடுத்தால், முன்னர் பழகிய எண்ணற்ற படங்களைக் கொண்டு, இன்ன நோயாகலாம் என்று அது கூறும். இதற்கு இணையத் தொடர்பு வேண்டும். வயலிற் தொடர்பு கிடையாதாயின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தபின் காட்டலாம்.

படம் எடுக்கும் முறையிலேயே பாதிப் பயன் உள்ளது. கமராவின் கண்ணைச் சுத்தமான துணியால் துடைத்துக்கொள்க. காலை வேளையில், உமது உடலின் நிழல் இலைமீது விழுமாறு நின்று, ஓரிலையைத் தனியாகப் பிடித்து எடுக்க. இலையின் மேற்பக்கம், கீழ்ப்பக்கம், முழுச்செடி, தண்டின் அடி என நான்கு படங்கள் எடுத்தல் வேண்டும். கடைசிப் படத்தைப் பலரும் எடுப்பதில்லை.

அதனால் வரும் தீங்கை ஓர் உதாரணத்தாற் காட்டலாம். நெல்வயலில் வட்டமாகச் சில இடங்கள் மஞ்சளித்துக் காய்கின்றன எனக் கொள்வோம். மஞ்சளித்த இலையை மட்டும் படம்பிடித்துக் காட்டினால், நைதரசன் குறைவு என்ற விடை வரக்கூடும். உண்மையில் அங்கே இருப்பது கபிலநிறத் தத்தியாயிருக்கலாம். கிழக்கிலே அறக்கொட்டி என்று சொல்லப்படுவது இதுவே. இப்பூச்சி இலையில் இராது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டின் அடியிற் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். இலைப்படம் எத்தனை எடுத்தாலும் அது அகப்படாது. செயலியின் சொற்படி யூரியாவை அள்ளி இட்டால், பயிர் கொழுத்து நெருங்கி, தத்தி மேலும் பெருகும். இனி, தத்தி என்று அறிந்தவுடன் கண்ட மருந்தைத் தெளிப்பதும் தவறு. தத்தியைத் தின்னும் சிலந்திகளும் வேறு நன்மைதரும் பூச்சிகளும் முதலில் மடிந்துபோக, எஞ்சிய தத்தி தடையின்றிப் பல்கும். எனவே மஞ்சள் வட்டம் கண்டால், டப்பை எடுக்கு முன்னர் வயலில் இறங்கி, நெற்பற்றையைக் கையால் விரித்து அடியைப் பார்க்க.

செயலி ஒரு நோயின் பெயரைக் கூறிய பின்னர், அதனை உறுதிசெய்துகொள்ளச் செலவில்லாத சோதனைகள் சில உள. நெல்லிலை நுனியிலிருந்து ஓரமாக அலைபோல வெளிறிக் காய்ந்து வருமாயின் பக்டீரியா இலைவெளிறல் என்று செயலி சொல்லலாம். நோய்ப்பகுதியும் பச்சைப்பகுதியும் சந்திக்குமிடத்திற் புதிதாக வெட்டிய இலைத்துண்டைத் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் இட்டு, சில நிமிடங்கள் ஆடாமல் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க. வெட்டுவாயிலிருந்து பால்போன்ற கசிவு இறங்கினால் அந்நோயே. நடுக்குருத்துக் காய்ந்த பயிராயின் குருத்தைப் பிடித்து இழுக்க. இலகுவாகக் கழன்று வந்து, அடி கடியுண்டு காணப்பட்டால் அது தண்டுத் துளைப்பானின் வேலை.

தக்காளி, கத்தரிச் செடிகள் இலை பச்சையாயிருக்கும்போதே திடீரென வாடுமாயினும் குவளைச் சோதனை உதவும். அடித்தண்டின் ஒரு துண்டை நீரிலே தொங்கவிட்டால், பக்டீரியா வாடலாயின் வெண்ணிற இழைகள் கீழ்நோக்கி இறங்குவதைக் காணலாம். இதற்கு மருந்து வாங்கிப் பணத்தை வீணாக்குதல் வேண்டாம். செடியை வேரோடு பிடுங்கி அகற்றுவதும், அவ்விடத்திலே தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய ஒரே குடும்பத்துப் பயிர்களை மீண்டும் நடாமல் விடுவதுமே வழி. மிளகாய் இலைச்சுருளுக்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. இலையோரம் மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சியையும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணியையும் இலையின் கீழ்ப்பக்கத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேடுக. சிற்றுண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. ஆகையாற் பனிப்பூச்சிக்கு வாங்கிய மருந்து பெரும்பாலும் அதனைக் கொல்லாது. இரண்டையும் ஒன்றாகக் கருதித் தெளிப்போரே இன்னும் அதிகம்.

செயலி காட்டும் மருந்தின் பெயரைக் கடையிலே கேட்டு வாங்குதல் கூடாது. இத்தகைய செயலிகள் பல நாடுகளுக்குப் பொதுவாக ஆக்கப்பட்டவை. இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டவற்றையே விற்கலாம். டைமீதோவேற்று, பென்தியன், பரகுவாற்று என்பன மனித உயிருக்கு விளைத்த கேடு காரணமாக 2008 முதல் 2011 வரை படிப்படியாக இந்நாட்டில் நீக்கப்பட்டன. அயல்நாட்டுப் பக்கமொன்றில் இப்பெயர்களைக் காண்போர் அவற்றைத் தேடித் திரிய வேண்டாம். தமிழ்நாட்டு அரசு 2018 இல் வெளியிட்ட ‘உழவன்’ செயலியும் தமிழில் இருப்பதால் நம்மவரைக் கவர்கின்றது. ஆனால் அது கூறும் மானியம் நமக்குரியதன்று. சந்தை விலை இந்திய ரூபாவில், நூறு கிலோகிராம் கொண்ட குவிண்டால் கணக்கிலே உள்ளது. வாசித்தறிவதற்கு மட்டும் அதனை வைத்துக்கொள்ளலாம்.

இவ்விடத்திலே நகரவாசிகளுக்கும் ஒரு சொல். ஊரிலிருந்து வந்த படத்தை வெள்ளவத்தையிலிருந்து பார்த்துவிட்டு, “தம்பி, படம் பார்த்தேன், நாளைக்கே மருந்தடி” என்று தொலைபேசியிற் கட்டளையிடுவது இன்று பெருகி வருகின்றது. மருந்துக்குக் காசு அனுப்புபவர் அண்ணர். புகையைச் சுவாசிப்பவர் தம்பி. தண்டின் அடியைப் பார்த்தாயா, குவளைச் சோதனை செய்தாயா என்று கேட்டபின் மற்றதைப் பேசுவதே முறை.

நிலத்தை அளப்பதற்கு ‘கூகுள் ஏர்த்’ பயன்படும். இதிலே வானிலிருந்து எடுத்த படத்தில் வரம்பின் மூலைகளை விரலாற் குறித்தாற் பரப்பளவு தெரியும். வைபை மட்டுமுள்ள டப்பிலும் வெள்ளவத்தையிலிருந்தபடியே ஊர் வயலை அளக்கலாம். ஓர் ஏக்கர் 160 பேர்ச். யாழ்ப்பாணக் கணக்கில் 16 பரப்பு. ஆகவே ஒரு பரப்பு 10 பேர்ச். பரம்பரையாக 20 பரப்பு என்று சொல்லி வந்த காணி அளந்து பார்க்குமிடத்து 16 பரப்பாயின், இதுவரை விதையும் பசளையும் நான்கில் ஒரு பங்கு மிகையாக இடப்பட்டு வந்தன என்பது விளங்கும். வரம்பைச் சுற்றி நடந்து ஜீ.பி.எஸ். கொண்டு அளக்கும் செயலிகளும் உண்டு. பெருவயலுக்கு அவை போதும். சிறு தோட்டத்துக்கு ஆகா. ஒரு பரப்புத் தோட்டம் சதுரமாயின் பக்கம் ஏறக்குறைய 16 மீற்றர், பரப்பளவு 256 சதுர மீற்றர். நாற்புறமும் ஒவ்வொரு மீற்றர் வெளியே பிசகினால் 324 சதுர மீற்றர் என்று காட்டும். அங்கே அளவுநாடாவே சிறந்தது. எம்முறையால் அளந்தாலும் எல்லை வழக்குக்கு இது சான்றாகாது. அதற்கு நில அளவையாளரே வேண்டும்.

மழையை முன்னறிவதற்கு ‘விண்டி’ என்னும் செயலி இலவசமாகக் கிடைக்கின்றது. ஐரோப்பிய நிலையத்தின் கணிப்பையும் அமெரிக்கக் கணிப்பையும் மாறிமாறிப் பார்க்கும் வசதி இதன் சிறப்பு. இரண்டும் ஒத்துச் சொல்லும் நாட்களை நம்பி யூரியா இடுவதையும் மருந்து தெளிப்பதையும் ஒழுங்கு செய்யலாம், மாறுபடுமாயின் பொறுத்திருக்க. ஐந்து நாட்களுக்கு அப்பாற்பட்ட கணிப்பைப் பெரிதாகக் கொள்ள வேண்டாம். சித்திரை, ஐப்பசி மாதங்களின் பிற்பகல் இடிமழை எந்தக் கிராமத்தில் விழும் என்பதை எச்செயலியும் சரியாகச் சொல்லாது. புயல் எச்சரிக்கைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையே கேட்டல் வேண்டும். 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. அத்தகைய வேளையில் வண்ணப்படத்தைப் பார்த்துத் தாமே முடிவு செய்வது ஆபத்தானது.

விலையறிவதற்குத் தனிச் செயலி வேண்டியதில்லை. இலங்கை மத்திய வங்கியின் நாளாந்த விலை அறிக்கையை டப்பின் பெரிய முகத்திலே தெளிவாக வாசிக்கலாம். புறக்கோட்டை, தம்புள்ளை மொத்த விலைகளும் நாரஹேன்பிட்டிச் சில்லறை விலையும் அதிலே அடுத்தடுத்து இருக்கும். அறிக்கை ஆங்கிலத்திலாயினும், ‘கூகுள் டிரான்ஸ்லேட்’ செயலியின் உதவியோடு மரக்கறிப் பெயர்களை ஒருமுறை அறிந்துகொண்டாற் பின்னர் இலக்கங்களே பேசும். வெள்ளவத்தைச் சந்தையில் உறவினர் கத்தரிக்காய் வாங்கிய விலையைக் கேட்டு, ஊரிலே வியாபாரியோடு சண்டையிடுவோர் உளர். சில்லறை விலையை மொத்த விலையோடு ஒப்பிடலாகாது. மொத்த விலையிலிருந்தும் லொறிக் கூலி, தரகு, சாக்கு நிறை, வழியில் அழுகும் பங்கு ஆகியவற்றைக் கழித்த பின்னரே தோட்டத்து வாயிலில் கேட்கத்தக்க விலை கிடைக்கும். ஒரு வாரத்து அறிக்கைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், அறுவடையை இரண்டு நாள் முந்துவதா பிந்துவதா என்று தீர்மானிக்க இயலும்.

சோதனைகள் செய்தபின்னும் ஐயந் தீராதாயின் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் ஆலோசனைச் சேவை இலக்கத்தை அழைக்க, அல்லது உமது பகுதிக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் படத்தைக் காட்டுக. அப்போது பயிரின் இனம், வயது, கடைசியாகப் பசளையிட்ட நாள், வயலின் நீர்நிலை, நோய் முதலிற் கண்ட இடம் வரம்போரமா நடுவயலா என்பவற்றைக் குறிப்பேட்டிலிருந்து வாசித்துச் சொல்ல ஆயத்தமாயிருக்க. மருந்து தெளித்த கையோடு டப்பைத் தொடாதீர். அதே டப்பைத்தான் மாலையிற் பிள்ளைகள் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.