குழுவை விட்டு விலகாதே

ஜார்ஜ் டவுன், பினாங்கு.

அன்புப் பேத்திக்கு,

தாத்தா எழுதுவது. படிப்புக்கென்று தொடங்கிய புலனக் குழுவிலிருந்து விலகப் போவதாக உன் அம்மாவிடம் சொன்னாயாம். நான்கு பேர் செய்யவேண்டிய இடுபணியை நீ ஒருத்தியே செய்ய, மற்றவர்கள் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்களாம். உன் கோபம் நியாயம்தான். ஆனாலும் விலகுமுன் நான் சொல்வதைக் கேள்.

நம் ஊரையே பார். கப்பலில் வந்து இங்கே இறங்கியவர்கள் சொந்தபந்தத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி கொடுக்கவும், இறந்தால் எடுத்துப் போடவும், ஊருக்குக் கடிதம் எழுதித் தரவும் ஆள் வேண்டியிருந்தது. 1833-இல் குயின் தெருவில் மாரியம்மன் கோயில் எழுந்ததும், பின்னால் சங்கங்கள் பெருகியதும் அந்தத் தேவையால்தான்.

கூடிய இடத்தில் படிப்பும் வளர்ந்தது. 1950-களில் தமிழ் முரசு நாளிதழ் ‘மாணவர் மணிமன்ற மலர்’ வெளியிட்டது. உன் பெரிய தாத்தா அதை விடாமல் படித்தவர். தோட்டத்துப் பிள்ளை எழுதியதைப் பட்டணத்துப் பிள்ளை படித்தது. வாசித்ததோடு நிற்காமல், மலாயா எங்கும் மணிமன்றங்கள் அமைத்துக் கூடிப் பேசினார்கள். அவர்களுக்கு வாய்த்த தொழில்நுட்பம் அச்சுத்தாளும் அஞ்சலும்தான்.

இணையம் வந்தபின் நடந்ததுதான் உனக்கு மிகவும் பொருந்தும். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலாளர் கல்யாணசுந்தரம் முன்னின்று, 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஊதியமில்லாமல் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றினார்கள். பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஒருவர் தட்டச்சு செய்வார். இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார். தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று மின்னூலின் முகப்பிலேயே போட்டுவிடுவார்கள். உன் குழுவில் இல்லாதது இந்த ஒழுங்குதான் அம்மா. புலனத்தில் விடையைத் தள்ளிவிடுவது எளிது. யார் உழைத்தார் என்பது அங்கே தெரியாது.

ஆகவே இடுபணியைக் கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பாகத் திற. ஒவ்வொரு பகுதிக்கும் எழுதுபவர் பெயரையும் திருத்துபவர் பெயரையும் முதலிலேயே போட்டுவிடு. யார் எப்போது எதை எழுதினார் என்பதை அதன் பதிப்பு வரலாறு காட்டிவிடும். நீ எழுதியதையும் இன்னொருவர் திருத்தட்டும். நம் பிழை நம் கண்ணில் படாது. வாரம் ஒருமுறை காணொளியில் கூடி, கோப்பைப் பார்க்காமல் ஒருவருக்கொருவர் பாடத்தை விளக்குங்கள். எங்கே வாய் தடுமாறுகிறதோ அங்கே இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுப் படித்துக்கொள்வேன் என்றாயாம். தாராளமாகக் கேள். ஆனால் புரியாமல் விழிக்கும் தோழிக்கு விளக்கும்போது உனக்குக் கிடைக்கும் தெளிவை அதனால் தர முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் கைகட்டி உட்கார்ந்திருந்தால் விரிவுரையாளரிடம் நேராகச் சொல். அதில் தவறே இல்லை. இந்தப் பருவம் முடியும்வரையாவது குழுவில் இரு, அம்மா.

அன்புடன்,
தாத்தா